மோட்டாருக்குத் தெரியுமா எது கடைசிப் பாட்டு?

எல்பியில் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ரெக்கார்டு கேட்பவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. சொல்பவர்கள் ஒன்றும் விஷயம் தெரியாதவர்கள் இல்லை, என்னைவிட நெடுங்காலமாக ஊசியோடும் தட்டோடும் குடும்பம் நடத்துகிறவர்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் என்னைப் படுத்தியது. முழுப் பொய்யாக இருந்தால் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். பாதி உண்மை என்பதால், அது எந்தப் பாதி என்று பார்க்காமல் விட மனசு வரவில்லை.

குறை என்ன என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன், இதில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. படபடவென்று வெடிக்கிற சத்தத்தைச் சொல்லவில்லை. அது தூசியோ கீறலோ, தூசி என்றால் கழுவினால் போகும், கீறல் என்றால் போகாது, அவ்வளவுதான். நான் சொல்வது குரலிலேயே ஒட்டிக்கொண்டு வருகிற பிசிறு. முதல் பாட்டில் ஒரு பாடகி 'ஸ' என்று உச்சரிக்கும்போது நாக்கும் பல்லும் தொடுகிற இடம்கூடக் கேட்கும். அதே பக்கத்தில் அதே பாடகி, அதே மைக்கில் பாடிய ஐந்தாவது பாட்டுக்கு வரும்போது அந்த 'ஸ' கிழிந்து போய், எச்சில் தெறிக்கிற சத்தமாக வரும். வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி இருக்கும். ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அது விழாமல் இருக்காது. பக்கம் பாதி ஓடும்போதே, இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று உடம்பு தயாராகிவிடும். பாட்டு கேட்பதா, குற்றம் கண்டுபிடிப்பதா என்ற நிலைமை.

இதற்கு மருந்தாக நான் நினைத்திருந்தது புது டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டைச் சுழற்றுகிற கருவி. அப்படி நினைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் பேசுவது ஒரு ஏணியைப் பற்றித்தான். கீழ்ப்படியில் பிளாஸ்டிக் உடம்பும் ரெக்கார்டை ஏந்திச் சுழல்கிற மெல்லிய தட்டும், அடுத்த படியில் கனமான தட்டு, அதற்கும் மேலே தனி மின்சாரப் பெட்டி, இன்னும் மேலே போனால் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். 1972இல் லின் நிறுவனம் சோண்டெக் எல்பி12 என்ற டர்ன்டேபிளைக் கொண்டுவந்து, ஒலி தொடங்குகிற இடத்தில்தான் காசைப் போட வேண்டும், முதலில் டர்ன்டேபிள், பிறகு ஊசியைத் தாங்குகிற ஆர்ம், பிறகுதான் ஊசியின் அசைவை மின்சாரமாக்குகிற கார்ட்ரிட்ஜ் என்று வாதாடியதிலிருந்து இந்த வரிசை ஒரு வேதவாக்காகவே ஆகிவிட்டது. நானும் அந்த ஏணியில் அடுத்த படிக்குக் காலைத் தூக்கிவைக்கத் தயாராகத்தான் இருந்தேன். ரப்பர் மேட்டை மாற்றியாகிவிட்டது, கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கிக் கொடுக்கிற தனி ஃபோனோ ஆம்ப் வாங்கியாகிவிட்டது. இரண்டும் வீண் இல்லை. குறிப்பாக ஃபோனோ ஆம்ப் வந்த பிறகு பாட்டுக்குப் பின்னால் இருந்த இரைச்சல் நன்றாகவே அடங்கியது. ஆனால் கடைசிப் பாட்டு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன்.

"டர்ன்டேபிள மாத்தப் போறேண்ணே. கடைசிப் பாட்டு தாங்கல."

"மாத்து, வேணாங்கல. ஆனா கடைசிப் பாட்டுக்காகவா மாத்தப் போற? எது முதல் பாட்டு, எது கடைசிப் பாட்டுன்னு அந்த மோட்டாருக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்கு மேல் விளக்கமும் சொல்லவில்லை, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் பேச்சு ஓடவில்லை.

யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது

யோசித்துப் பாருங்கள். மோட்டார் முதல் பாட்டுக்கும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றவைக்கிறது, கடைசிப் பாட்டுக்கும் அதேதான். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. வேகத்தில் தள்ளாட்டம் இருந்தால் அது பக்கம் முழுக்கத்தான் இருக்கும். மேட்டுக்குத் தெரியாது. ரெக்கார்டை ஏந்துகிற தட்டுக்குத் தெரியாது. ஃபோனோ ஆம்புக்கும் தெரியாது, அதற்கு வருவது சில மில்லிவோல்ட் மின்சாரம், அது ரெக்கார்டின் எந்த மூலையிலிருந்து வந்தது என்ற கவலையே அதற்கு இல்லை. ஸ்பீக்கர்களைச் சொல்லவே வேண்டாம். ஆக, முதல் பாட்டில் இல்லாமல் கடைசிப் பாட்டில் மட்டும் வருகிற குறைக்கு, ரெக்கார்டில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்த ஆட்களில் ஒருவர்தான் காரணமாக இருக்க முடியும். அந்த ஆட்கள் மூன்றே பேர்: பாட்டு பதிந்திருக்கிற வரிப்பள்ளம், ஊசி முனை, ஆர்மின் கோணம்.

பள்ளத்தின் கதை கணக்கில் மிகச் சுத்தமாக வருகிறது. 12 அங்குல எல்பியின் வெளி ஓரத்தில், மையத்திலிருந்து சுமார் 146 மில்லிமீட்டரில், ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில், 60 மில்லிமீட்டர் வரும்போது, வெறும் 21 சென்டிமீட்டர். சுற்று மாறவில்லை, வட்டம் சிறுத்துவிட்டது. அதே ஒரு நொடிப் பாட்டை எழுதுவதற்கு வெளியே கிடைத்த இடத்தில் பாதிகூட உள்ளே கிடையாது. 'ஸ' மாதிரியான ஒலிகளில் 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் நிறைய நடமாட்டம் உண்டு. அந்த அதிர்வின் ஒரு அலை ஓரத்தில் 51 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்துக்கு விரிந்து படுத்திருக்கிறது. உள்ளே 21 மைக்ரானுக்குள் மடங்கிக் கிடக்கிறது. சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஒரு குட்டிப் பந்து, அதன் ஆரமே பெரும்பாலும் 15 மைக்ரான் பக்கம் வரும், அதாவது குறுக்களவு 30. சத்தமாகப் பதிந்த 21 மைக்ரான் நெளிவுக்குள் அது எப்படி இறங்கும்? இறங்காது. நெளிவின் மேடுகளில் முட்டி மோதித் தாவிக்கொண்டு போகும். அந்தத் தாவல்தான் நம் காதில் எச்சிலாகத் தெறிக்கிறது.

ரெக்கார்டு வெட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் ஆதியிலிருந்தே தெரியும். அதனால்தான் ஆரவாரமான பாட்டை முதலில் போட்டு, அமைதியான பாட்டை லேபிள் பக்கம் தள்ளுகிற வழக்கம் வந்தது. ஒரு பக்கத்தை 18, 20 நிமிடத்தோடு நிறுத்தினால் ரொம்ப உள்ளே போக வேண்டாம். 25 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் சத்தத்தையும் குறைக்க வேண்டும், லேபிள் வரைக்கும் போக வேண்டும். மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்கள் பாவம், அவர்களால் வரிசையை மாற்ற முடியாது, சிம்பொனியின் உச்சம் கடைசியில்தான் வரும், அது போய் விழுவதோ தட்டிலேயே மோசமான இடத்தில். ராவெலின் பொலேரோ தொடக்கத்தில் முணுமுணுத்து முடிவில் முழங்குகிற இசை. ஜெர்மனியின் டாசெட் நிறுவனம் அதை உள்ளிருந்து வெளியே ஓடுகிற மாதிரி தலைகீழாக வெட்டியே ஒரு எல்பி போட்டது. ஊசியை லேபிள் பக்கத்தில் வைக்க வேண்டும், முழக்கம் வெளி ஓரத்தில் வந்து முடியும். எனக்கு இந்த மாதிரிப் பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும்.

ஊசியை மட்டும் மாற்றியபோது

என்னிடம் இருந்தது ஆடியோ டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜ். அதில் நீள்வட்ட ஊசி, பள்ளத்தின் சுவரைத் தொடுகிற பக்கத்தின் ஆரம் 0.3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 8 மைக்ரான். கூம்பைவிடப் பரவாயில்லை. இந்த வரிசையில் ஒரு வசதி, கார்ட்ரிட்ஜ் உடம்பைக் கழற்றாமலே ஊசியை மட்டும் உருவிவிட்டு வேறு ரக ஊசியைச் செருகலாம். எம்எல் என்கிற மைக்ரோ லைன் ஊசிக்கு அந்த ஆரம் 0.12 மில், கிட்டத்தட்ட 3 மைக்ரான். காந்தம் அசைய மின்சாரம் உண்டாகிற சுருள், உடம்பு, ஒயர், ஆம்ப் எல்லாம் அப்படியே இருக்க, முனையின் வடிவம் மட்டும் மாறும். யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

எப்போதும் கிழிகிற அந்த ஐந்தாவது பாட்டை ஓடவிட்டேன். முதல் 'ஸ' வந்தது, போனது. எனக்குத் தெரிந்த இடத்தில் உடம்பு இறுகிக் காத்திருந்தது, அந்த இடமும் சாதாரணமாகக் கடந்துவிட்டது. வயலினுக்குக் கீழே யாரோ தம்புரா மாதிரி ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பது அன்றுதான் தெரிந்தது, அதுவரை அது பிசிறுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. பழைய ஊசியைத் திரும்பச் செருகிக் கேட்டேன், எச்சில் திரும்பி வந்தது. மறுபடி மாற்றினேன், போய்விட்டது. ஒன்றைச் சொல்ல வேண்டும், முதல் பாட்டில் இரண்டு ஊசிக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். யாராவது முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டி ஊசி வாங்கச் சொன்னால், இதற்கா இவ்வளவு என்றுதான் தோன்றும். ஊசி வாங்குகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது லேபிளை ஒட்டிய பாட்டை. கூடுதலாக ஒரு லாபமும் உண்டு: நீள்வட்ட ஊசிக்கு 300 மணி நேரம், மைக்ரோ லைனுக்கு 1000 மணி நேரம் என்று அந்த நிறுவனமே ஆயுள் கணக்குச் சொல்கிறது. விலை வித்தியாசத்தைப் பார்த்து மலைக்கிறவர்கள் மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கலாம்.

ஆனால் பிரச்சினை முழுக்கத் தீர்ந்ததா என்றால் இல்லை. சில ரெக்கார்டுகளில் இன்னும் வலது பக்கம் மட்டும் லேசாகக் கரகரத்தது. மீதி இருந்தது ஆர்ம்.

ரெக்கார்டு வெட்டுகிற இயந்திரத்தில் வெட்டும் முனை ஆரத்தின் வழியே நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டு ஆர்ம் ஒரு முனையில் திருகப்பட்டு வில் வளைவாக நகர்கிறது. நேராக வெட்டியதை வளைவாகப் படித்தால் கோணம் எங்காவது பிசகத்தான் செய்யும். ஊசியை மையக் கம்பியைத் தாண்டிச் சற்று நீட்டி, தலையைக் கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்தால் இந்தப் பிசகை முழுப் பக்கத்திலும் இரண்டே இரண்டு இடங்களில் பூஜ்யமாக்கலாம். அந்த இரண்டு இடம் எது என்பதில்தான் சண்டை. சுவீடன்காரர் லோஃப்கிரன் 1938இல் போட்ட கணக்கையும் 1941இல் பேர்வால்ட் போட்ட கணக்கையும் வைத்து இன்று பெரும்பாலோர் வைப்பது 66 மற்றும் 120.9 மில்லிமீட்டரில். 1966இல் ஸ்டீவன்சன் வேறு மாதிரி யோசித்தார், உள்ளேதான் கஷ்டம் அதிகம், அதனால் ஒரு பூஜ்யத்தைக் கடைசிப் பள்ளத்திலேயே, 60.3இல் வைத்துவிடலாம் என்றார். பக்கத்தின் நடுப்பகுதியில் பிசகு கொஞ்சம் கூடும், ஆனால் முடிவு சுத்தமாக இருக்கும். கடைசிப் பாட்டுக் கட்சிக்கு அவர்தான் தலைவர். இருந்தாலும் நான் ஓட்டுப் போட்டது பேர்வால்ட்டுக்கு. என் ரெக்கார்டுகளில் பெரும்பாலானவை 66க்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன, 60 வரை போவது அபூர்வம். நடுவில் இருக்கிற நல்ல பாட்டுகளைக் கெடுத்து, இல்லாத கடைசிப் பள்ளத்தைக் காப்பாற்றுவானேன்?

இந்த வேலைக்கு ப்ரொட்ராக்டர் என்று, புள்ளியும் கட்டமும் போட்ட ஒரு தாள் போதும், இணையத்திலிருந்து இறக்கி அச்சடிக்கலாம். ஆனால் அச்சடித்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பிரிண்டர் தன்னிஷ்டத்துக்குப் பக்கத்தைச் சுருக்கிவிடும், 66 என்று போட்ட இடம் 64ஆகி இருக்கும். ஊசியை அந்தப் புள்ளியில் இறக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டை அல்ல, ஊசி பொருந்தியிருக்கிற அந்த மயிர்போன்ற தண்டைக் கட்டத்தின் கோட்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். என்னுடையதில் கார்ட்ரிட்ஜ் முன்பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் நகர வேண்டியிருந்தது. நகர்த்த ஸ்க்ரூவைத் தளர்த்தினால் தலை திரும்பிவிடும், தலையைத் திருப்பினால் நீளம் மாறிவிடும், ஒரு புள்ளியில் சரியாக உட்கார்ந்தால் மறு புள்ளியில் கோணலாக நிற்கும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. பின்னால் நாலு மெல்லிய ஒயர்கள், சிவப்பும் பச்சையும் வலதுக்கு, வெள்ளையும் நீலமும் இடதுக்கு. அவசரப்பட்டு இழுத்தால் நுனி அறுந்துவிடும்.

அப்புறம் ஊசி பள்ளத்தை அழுத்துகிற எடை. இந்த ஊசிக்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை சொல்கிறார்கள், நான் 2.0 வைத்திருக்கிறேன். எடை குறைந்தால் ரெக்கார்டுக்கு நல்லது என்று நினைத்து 1.5க்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தவறு, லேசான ஊசி பள்ளத்தில் பிடி கிடைக்காமல் சுவரில் மோதுகிறது, அந்த அடிதான் ரெக்கார்டைத் தின்னும். வலது பக்கக் கரகரப்புக்கு முக்கியக் காரணம் ஆன்ட்டி ஸ்கேட். தலை உள்ளே திரும்பியிருப்பதால் ஓடும் பள்ளம் ஆர்மை மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், அதை எதிர்த்து வெளிப்பக்கம் இழுக்கும் விசை போதாவிட்டால் ஊசி உள்சுவரில் சாய்ந்து, இடது சேனல் இருக்கும் அந்தச் சுவரை அழுத்தி, வலது சேனல் இருக்கும் வெளிச்சுவரை அரைகுறையாக விட்டுவிடும். கொஞ்சம் கூட்டி வைத்ததும் வலது பக்கம் அடங்கியது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். முதல் பாட்டிலேயே 'ஸ' கூசுகிறது என்றால் அது இந்தக் கதை இல்லை. அந்தக் குறை மின்சாரப் பக்கமாக இருக்கலாம். எம்எம் எனப்படும் காந்தம் அசைகிற ரகக் கார்ட்ரிட்ஜின் சுருளும், ஒயர் மின்சாரத்தைத் தேக்கிக்கொள்கிற தன்மையான கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து மேல் ஒலிகளை அளவுக்கு மீறித் தூக்கிக் காட்டும். இந்தக் கார்ட்ரிட்ஜுக்குக் கெப்பாசிட்டன்ஸ் 100 முதல் 200 பிக்கோஃபாரட் வரை போதும் என்கிறார்கள், ஒயரிலேயே 100 போய்விடும், ஆம்புக்குள் இன்னும் 200 இருந்தால் கணக்கு எகிறிவிடும். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே மாதிரி கூசினால் ஒயரைப் பாருங்கள், கடைசி மட்டும் என்றால் ஊசியையும் கோணத்தையும் பாருங்கள்.

டர்ன்டேபிளும் மாறியது

சரி, இவ்வளவு பேசிவிட்டு டர்ன்டேபிள் மாற்றவில்லையா என்றால், மாற்றினேன். பெல்ட்டில் ஓடுகிற கனமான தட்டு, நல்ல ஆர்ம். ஆனால் வேறு குறைக்காக. பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தி விட்டபின் அது நீண்டு தேய்கிற நேரத்தில் பழைய டர்ன்டேபிளில் சுருதி லேசாக நெளியும். அது முதல் பாட்டிலும் நெளியும், கடைசியிலும் நெளியும். மோட்டாருக்குத் தெரிந்த குறை அது. பழைய கார்ட்ரிட்ஜை அப்படியே கழற்றிப் புது ஆர்மில் மாட்டி, மறுபடி அந்தத் தாளை வைத்துக் கோணம் பார்த்து ஓடவிட்டதும் பியானோ அசையாமல் நின்றது. சுரங்களுக்கு நடுவில் இருந்த மெல்லிய உறுமலும் இல்லை. எல்பியை வெட்டும்போது கீழ் ஒலிகளைக் குறைத்துத்தான் வெட்டுகிறார்கள், கேட்கும்போது ஆம்ப் அதைத் தூக்கிக் கொடுக்கிறது, 20 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிட்டத்தட்ட 20 டெசிபல். அதனால் மோட்டாரின் உறுமலும் கூடவே பெருகி வரும். புது டர்ன்டேபிளின் பெருமை எல்லாம் அங்கேதான்.

கடைசிப் பாட்டு? முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. நன்றாகவும் ஆகவில்லை, கெடவும் இல்லை. அந்த அண்ணனுக்குச் சொன்னேன், சிரித்தார்.

லின் சொன்ன வரிசை தவறு என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் காது கொடுத்த இடம் தாளமும் சுருதியும், அதற்கு டர்ன்டேபிள்தான் முதல். எனக்கு ஒப்பாதது, எல்லா வீட்டுக்கும் ஒரே ஏணி என்பது. குறை எங்கே கேட்கிறது என்று கேட்காமலே அடுத்த படி இதுதான் என்று சொல்வது. துளை மையம் தவறிய ரெக்கார்டில் ஒவ்வொரு 1.8 நொடிக்கும் சுருதி ஏறி இறங்கும், அதை எவ்வளவு கனமான டர்ன்டேபிளாலும் திருத்த முடியாது. திருத்தவென்றே நக்கமிச்சி ஒரு டர்ன்டேபிள் செய்தது, டிஎக்ஸ் 1000, மையம் எங்கே என்று தானே தேடித் தட்டை நகர்த்திக்கொள்ளும். மற்றவர்கள் விரலால் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான்.

இத்தனைக்குப் பிறகும் என்னிடம் ஒரு ரெக்கார்டு கடைசியில் கரகரக்கத்தான் செய்கிறது. கைமாறி வந்த தட்டு. மைக்ரோ லைன் ஊசி சுவரில் உயரவாக்கில் நீளமாகத் தொடுவதால், பழைய ஊசிகள் தேய்க்காத இடம் ஏதாவது மிச்சமிருந்தால் அதைச் சில சமயம் படித்துவிடும், இதில் அப்படி ஒன்றும் மிச்சமில்லை போல. யாரோ தேய்ந்த ஊசியால் ஆசை ஆசையாகத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள், அதுவும் அந்தப் பாட்டைத்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, நல்ல பாட்டு அது. கழுவிப் பார்த்தேன், எடையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், பள்ளமே போய்விட்டது என்றால் ஊசி என்ன செய்யும்.

கடைசியில் அதே ஆல்பம் 45 சுற்றில், இரண்டு தட்டாகப் பிரித்து வெளியானதை வாங்கினேன். 45இல் அதே இடத்தில் பள்ளத்தின் வேகம் 35 சதவீதம் கூடுதல், லேபிள் பக்கத்தில் 21 இருந்தது 28 சென்டிமீட்டராகிறது, பாட்டும் குறைவு என்பதால் அவ்வளவு உள்ளே போகவும் வேண்டாம். அந்தப் பாட்டு இப்போது பளிங்கு. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் தொல்லை. இன்னொன்றும் உண்டு: இரண்டு தட்டு, நாலு பக்கம், அதனால் அந்த ஆல்பத்துக்கு இப்போது நாலு கடைசிப் பாட்டு.